என் கையெழுத்துக்கு மேலே ஆறு வரி

ஆகஸ்ட் 6

ஷமீரா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக ஒரு நோட்டை என் மடியில் போட்டாள். "அம்மா, இதைப் பிடி. நான் ஒப்பிக்கிறேன். தப்பு வந்தா நிறுத்து."

இங்கிலீஷ் நோட்டு. ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் மாற்றி மாற்றி எழுதித் தொலைக்கிற வினைச்சொற்களைக் குந்தவை டீச்சர் ஜோடி ஜோடியாக எழுதிப் போட்டிருக்கிறார். முப்பது ஜோடி. காலாண்டுப் பரீட்சையில் வருமாம்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிரிங் என்றால் இங்கே கொண்டு வருவது. டேக் என்றால் இங்கேயிருந்து கொண்டு போவது.

"இதுல மாத்திப் போட என்ன இருக்கு? நம்மகிட்ட வந்தா வா, நம்மள விட்டுப் போனா போ" என்றேன்.

"ஒனக்குத் தெரியுது. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்குத் தெரியலையே" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாற்பத்து மூன்று நாள்.

நான் இத்தாவில் உட்கார்ந்தும் அதே நாற்பத்து மூன்று நாள்தான். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டு நிலையைத் தாண்டக் கூடாது. வெளி ஆண் குரலுக்குப் பதில் சொல்வதும் எங்கள் தெருவில் வழக்கம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த டைரி. போன லீவில் மஸ்கட்டிலிருந்து அவர் கொண்டு வந்தது. கம்பெனி பேர் தங்க எழுத்தில் இருக்கும். "நீ எழுதுவேன்னு கொண்டாரல, ஷமீராவுக்கு ரஃப் நோட்டா ஆகும்" என்றார்.

பாருங்க. எழுதுறேன்.

ஆகஸ்ட் 9

பாரோ, நாம் இரவல் வாங்குவது. லெண்ட், நாம் இரவல் கொடுப்பது. பால் ஊற்றுகிற நாகம்மாள் என் அரிவாள்மனையை பாரோ செய்துகொண்டு போனாள். நான் லெண்ட் செய்தேன். அவளிடமே இதைச் சொன்னேன். "ஆமா தாயி, நீ கலெக்டர் ஆனதும் எனக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடு" என்று போய்விட்டாள். போன மாதமும் இப்படித்தான் முறத்தைக் கொண்டு போனாள். அதற்கு என்ன வினைச்சொல்லோ.

ஆகஸ்ட் 17

அண்ணன் வந்தார். அடுத்த தெருதான். நாள் தவறினாலும் அண்ணன் தவறுவதில்லை. பாபநாசம் போய் வந்தால் எனக்கு ஒரு பன் பாக்கெட், ஷமீராவுக்கு ஒரு பேனா. ஜெய்னுலாபுதீனுக்குத் தங்கச்சி என்றால் உயிர் என்று தெருவில் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

அண்ணன் போனபிறகு அந்த நாள் நினைவு வந்தது. ஜூன் 24 திங்கட்கிழமை ஷமீராவின் அத்தா மஸ்கட்டில் ரூமிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். புதன்கிழமை அண்ணன் ஒரு ஸ்டாம்ப் பேப்பர் கொண்டு வந்தார். வீடு முழுக்கப் பெண்கள், யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். எழுத அட்டை இல்லாமல், ஆஷிகாவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்றை அடியில் கொடுத்தார். ஆஷிகா அண்ணன் மகள், ஜூலை 4 நிக்காஹ். "ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார். "அவங்க வந்துருவாங்களாண்ணே?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் அலையறேன்" என்றார்.

போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்று சொன்னார். அந்த நாட்டுச் சட்டம் விடவில்லையாம். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அண்ணனும் அழுதார்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று மதினி ஜன்னத் பீவி வந்து கேட்டபோது நான்தான் சொன்னேன், எனக்காகத் தள்ளாதீங்க, பிள்ளை கல்யாணம் நடக்கட்டும் என்று.

எங்கள் கொல்லையில் நின்றால் பள்ளிவாசல் கபர்ஸ்தான் மதில் தெரியும். அவரைப் பெற்ற அத்தா அங்கேதான் அடங்கியிருக்கிறார். "எந்த நாட்டுக்குப் போனாலும் கடைசில அந்த மதிலுக்கு அந்தப் பக்கம்தான். நீ இங்கேருந்து சத்தம் போட்டா எனக்குக் கேக்கும்" என்பார். விளையாட்டுக்குத்தான் சொல்வார்.

சட்டம் விடவில்லை. என்ன செய்ய.

ஆகஸ்ட் 25

ஹியர் என்றால் காதில் தானாக விழுவது. லிசன் என்றால் காது கொடுத்துக் கேட்பது. லிசனுக்குப் பின்னால் ஒரு டூ போட வேண்டும், இல்லாவிட்டால் அரை மார்க் போச்சு.

மத்தியானம் அண்ணன் இருக்கும்போது, அவர் வீட்டில் விட்டுப் போயிருந்த போன் அடித்தது. மஸ்கட் நம்பர். அவரோடு ஒரே ரூமில் இருந்த மூஸா, நாகூர்க்காரர். இதோடு மூன்றாம் தடவை. அண்ணன்தான் எடுத்தார். "இத்தாவுல இருக்குற பொண்ணு வெளியாளுகிட்ட பேசலாமா பாய்? எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க" என்றார். அப்படியே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும்மா, கண்டவன் கூப்பிடுவான்."

சரி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனாலும், கடைசியாக அவர் என்ன பேசினார் என்று அந்த மூஸாவிடம் கேட்க ஆசையாக இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து லிசன் செய்யக்கூட விடவில்லை. ஹியர்தான்.

செப்டம்பர் 3

மோதிர விரல் அரிக்கிறது. இத்தாவுக்குக் கழற்றினது, மோதிரம் இல்லை.

செப்டம்பர் 11

கொல்லைக்கு அந்தப் பக்கம் குறுவை அறுப்பு. மெஷின் சத்தத்தில் ஷமீரா கத்திக் கத்திப் படித்தாள்.

தானாக எழுந்தால் ரைஸ். ஒன்றை நாம் தூக்கினால் ரெய்ஸ். சூரியன் ரைஸ், கை ரெய்ஸ். அடுத்தது லை, லே. இதில்தான் டீச்சரே ஒரு தடவை தடுமாறினாராம். தானாகப் படுத்தால் லை. ஒருத்தர் ஒன்றைப் படுக்க வைத்தால் லே. அதிலும் லை நேற்று நடந்திருந்தால் அதுவே லே ஆகிவிடும், என்ன கொடுமை.

"எடுத்துக்காட்டு சொல்லும்மா" என்றாள். பாய் விரித்துப் படுத்தேன், பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

எனக்கு வேறு எடுத்துக்காட்டுதான் முதலில் வந்தது. கபர்க் குழிக்குள் இறங்கி அவரைப் படுக்க வைத்தது யார்? பெயர் தெரியாத யாரோ ஒருத்தர். முகத்தை மக்கா இருக்கிற கிப்லா பக்கம் சரியாகத் திருப்பினாரா? அவருக்கு இடது பக்கக் கழுத்து பிடித்துக்கொள்ளும், மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். யார் சொல்லியிருப்பார்கள் இதை?

செப்டம்பர் 27

காலாண்டு முடிந்தது. ஷமீரா அதே மாதிரி ஒரு கேள்வித்தாள் எழுதி என்னையும் பரீட்சை எழுத வைத்தாள். முப்பதுக்கு இருபத்து நாலு. டீச்சர் மாதிரியே சிவப்புப் பேனாவில் வெரி குட் போட்டாள். இன்னும் ஒரு பழைய டிக்‌ஷனரியும் எடுத்து வந்தாள், பள்ளிக்கூடத்தில் கிழிந்துபோய் ஒதுக்கினது. அவர் இருந்தால் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

அக்டோபர் 5

மஸ்கட்டிலிருந்து பெட்டி வந்தது. கப்பல் கார்கோவாம், அதனால்தான் இத்தனை நாள். வேன்காரரிடம் நாகம்மாள் வாங்கி வைத்தாள். மூஸா அனுப்பியிருக்கிறார். அண்ணனுக்குத் தெரியாது.

சட்டை ஆறு. கைலி நாலு. பாதி தேய்ந்த சோப்பு ஒன்று, காகிதத்தில் மடித்து. ஷமீராவுக்கு ஒரு கால்குலேட்டர், பிரிக்காதது. அடியில் ஒரு பழுப்புக் கவர், உள்ளே பேப்பர்கள்.

இன்றைக்கு இது போதும். சட்டையை மோந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 6

கவரைப் பிரித்தேன். பாஸ்போர்ட், மூலை வெட்டினது. ஆஸ்பத்திரித் தாள், அரபியில். அப்புறம் ஒரு ஜெராக்ஸ். அதில் கீழே தமிழில் என் பெயர். ஹமீதா பானு. என் கையெழுத்து. தா கோணலாக, பத்திரிகைக் கட்டு வழுக்கினதால் பா ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. அந்த ஸ்டாம்ப் பேப்பர்தான்.

மேலே இங்கிலீஷில் ஆறு வரி.

ஷமீரா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நானே படித்தேன். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக. முதல் இரண்டு வரியில் நான் யார், என் புருஷன் அப்சர் யார், ஊர் எது. மூன்றாவது வரி, ஐ டூ நாட் விஷ் டு பிரிங் ஹிஸ் பாடி டு இண்டியா.

பிரிங் எனக்குத் தெரியும். நாட் எனக்குத் தெரியும். விஷ்ஷை டிக்‌ஷனரியில் பார்த்தேன். விருப்பம். பாடி என்றால் யாருக்குத் தெரியாது.

அவர் உடலை இந்தியாவுக்குக் கொண்டு வர எனக்கு விருப்பம் இல்லை.

தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து மறுபடி படித்தேன். அஞ்சு தடவை படித்தேன். நாலாவது வரியில் பரி என்று ஒரு சொல். நோட்டில் இல்லாத சொல். அதை டிக்‌ஷனரியில் பார்க்கவில்லை. ஷமீரா வந்ததும் நோட்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிக் கேட்டேன்.

"புதைக்கிறதும்மா. எதுக்கு?"

"சும்மாதான். பெட்டில ஏதோ எழுதியிருந்துச்சு."

அங்கேயே புதைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு நான்.

அக்டோபர் 7

நானா கேட்டேன்? நானா?

அக்டோபர் 9

அவர் போன் அண்ணனிடம் இருக்கிறது. நாகம்மாள் மகளின் போனை வாங்கி மூஸாவைக் கூப்பிட்டேன். கவரில் நம்பர் இருந்தது. இத்தாவில் இருந்துகொண்டு வெளி ஆணிடம் பேசினேன். அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

நான் யார் என்று சொன்னேன். மூஸா சொன்னார், "நாந்தாம்மா கூட வர்றதா இருந்தேன். டிக்கெட் பாத்தாச்சு. கம்பெனியில எல்லாம் ரெடின்னுட்டான். ஜூலை மூணாந் தேதி திருச்சில இறங்கியிருப்போம். அதுக்குள்ள ஒங்க லெட்டர் வந்துருச்சு."

"சட்டம் விடலன்னு..."

"எந்தச் சட்டம்? எத்தனையோ பேரை அனுப்பியிருக்கோம்மா இங்கேருந்து." பிறகு மெதுவாக, "தப்பா நெனைக்காதீங்க. ரூம்ல எல்லாருமே ஒங்களைத் திட்டினோம். என்ன பொம்பள இவ, புருஷன் மொகம் கூட வேணாங்கிறாளேன்னு. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். கடைசிவரைக்கும் ஒங்க அண்ணன் போனைத் தரல."

ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது. கபருக்குள் இறங்கியது யார்?

"நாந்தான் இறங்கினேன். மெதுவா திருப்பித்தான் வச்சேன்மா. அவனுக்குக் கழுத்துப் பிடிக்கும்ல."

அக்டோபர் 12

ஜூலை 3 அவர் உடல் பெட்டியில் வந்திருக்கும். ஜூலை 4 நிக்காஹ். நானாகத் தப்புக் கணக்குப் போடுகிறேனா? மதினி வந்தபோது ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன், "மதினி, ஒருவேளை அவங்க மையித்து வந்திருந்தா ஆஷிகா கல்யாணத்தை என்ன பண்ணியிருப்பீங்க?"

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. யோசிக்கவே இல்லை. "அதான் ஒங்கண்ணன் ராவெல்லாம் தூங்காமக் கெடந்துச்சு. மாப்பிள்ளை பத்தாந் தேதி சிங்கப்பூர் திரும்பணும். மண்டபம் சொல்லியாச்சு, பிரியாணிக்கு ஆள் சொல்லியாச்சு. மையித்தை வச்சுக்கிட்டு மேளமா தட்ட முடியும்? அல்லாஹ் லேசாக்கிட்டான்..."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. கத்தி நின்றுவிட்டது. "நான் ஒண்ணும் சொல்லல ஹமீதா."

சே என்றால் சொல்வது. டெல் என்றாலும் சொல்வது. ஆனால் டெல்லுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும், யாரிடம் என்று வர வேண்டும். டெல் மீ, டெல் ஹர். ஆள் போடாவிட்டால் தப்பு. என் விஷயத்தை எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 13

பட்டியலில் இருபத்தேழாவது ஜோடி. ராப், ஸ்டீல். ரெண்டும் பறிப்பதுதான். பறிகொடுத்த ஆளைச் சொல்லும்போது ராப். பறிபோன பொருளைச் சொல்லும்போது ஸ்டீல். பரீட்சையில் இதை நான் தப்பாக எழுதினேன், ஷமீரா வட்டம் போட்டாள்.

இனிமே தப்பா எழுத மாட்டேன். ராப் பண்ணினது என்னை. ஸ்டீல் பண்ணினது என் கையெழுத்தை. என் புருஷனை. மதிலுக்கு அந்தப் பக்கம் கெடக்க வேண்டிய ஆறடியை. எல்லாத்தையும் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு மேல வச்சு எடுத்துக்கிட்டாங்களே. நானும் பேனாவைக் கெட்டியாப் பிடிச்சு, தெளிவாப் போடணும்னு போட்டேனே!

பன் பாக்கெட்டை நாகம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 18

கேட்டுவிட்டேன்.

அண்ணன் வழக்கம்போல வந்து, "என்னம்மா மொகம் வாடிக் கெடக்கு" என்றார். ஜெராக்ஸை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஷமீராவை அடுப்படிக்கு அனுப்பினேன். போகவில்லை, கதவோரம் நின்றாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"மூணாவது வரியைப் படிங்கண்ணே."

"இதெல்லாம் ஒனக்கு யாரு படிச்சுக் காட்டுனா? மூஸாவா?"

"நானே படிச்சேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு மார்க்கம் பேச ஆரம்பித்தார். எங்கே மவுத்தானோ அங்கே அடக்குவதுதான் நல்லது, சீக்கிரம் அடக்குவதுதான் நபி காட்டின சுன்னத்து, ஐஸ் பெட்டியில் பத்து நாள் போட்டு வைப்பது மையித்துக்கு வேதனை. எல்லாம் உண்மைதான். எனக்கும் தெரியும். இந்த உண்மையை ஏன் ஜூன் மாதம் சொல்லவில்லை? ஏன் சட்டம் என்று சொன்னார்?

"கல்யாணத்துக்காகத்தானேண்ணே?"

"ஒரு பொண்ணைக் கரையேத்துற வேதனை ஒனக்கு நாளைக்குத் தெரியும்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீ சரின்னு சொல்லியிருக்க மாட்டே."

"சொல்லியிருப்பேன்! அவங்க வரட்டும், அடக்கிட்டு மறுநாளே நிக்காஹ் வச்சுக்கங்கன்னு சொல்லியிருப்பேன். இல்ல, அழுது பொரண்டுட்டு அங்கேயே அடக்குங்கன்னு கூடச் சொல்லியிருப்பேன். ஆஷிகாவை இந்தக் கையாலதானே குளிப்பாட்டி வளத்தேன்? எதைச் சொல்லியிருந்தாலும் அது நான் சொன்னதா இருந்திருக்கும்லண்ணே. இப்ப மஸ்கட்ல அத்தனை பேரும் நான் வேணாம்னு சொன்னேன்னுல நெனைக்கிறாங்க. அவங்களும் அப்படித்தானே நெனைச்சுக்கிட்டுப் படுத்திருப்பாங்க?"

"செத்தவனுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார். சொன்னதும் அவருக்கே பொறுக்கவில்லை போல. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். என்னிடமிருந்து எடுத்துப் போன போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார். சார்ஜ் போட்டுத்தான் வைத்திருந்தார் இத்தனை நாளும். அது வேறு.

ஷமீரா கதவோரத்திலிருந்து வந்தாள். அந்த இங்கிலீஷ் நோட்டை எடுத்துத் தன் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள், ஏதோ அதுதான் எல்லாம் செய்த மாதிரி.

அக்டோபர் 30

இத்தா முடிந்தது. குளித்தேன். பிறந்த வீட்டிலிருந்து சேலை வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மதினி கொண்டு வந்தது, இளம் பச்சை. அண்ணன் வரவில்லை. சேலையை வாங்கிக்கொண்டேன், கொண்டு வந்ததோடு மதினியைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. உடுத்தவில்லை. அவர் பெட்டியில் வந்த வெள்ளைக் கைலி ஒன்றைக் கிழித்துத் தாவணி மாதிரி தலையில் போட்டுக்கொண்டு முதல் தடவையாக நிலையைத் தாண்டினேன்.

கொல்லை வழியாகப் போய் மதில்வரை நடந்தேன். மழை பெய்து மதில் ஊறியிருந்தது. சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள்.

நவம்பர் 6

மூஸா போட்டோ அனுப்பினார். மண்மேடு, ஒரு கல், கல்லில் நம்பர். நம்பரை இங்கே எழுத மாட்டேன், மனப்பாடம். ரூமில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். டெல். ஆள் போட்டு.

நவம்பர் 24

அண்ணன் வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தாடி வெளுத்திருக்கிறது. கேஸ் கனெக்‌ஷனை என் பெயருக்கு மாற்ற ஒரு ஃபாரம் கொண்டு வந்திருந்தார். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். பேனா மூடியைக் கழற்றி நீட்டினார். "அந்தப் பெருக்கல் குறி போட்ட எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுரும்மா."

"உக்காருங்கண்ணே" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

"கேஸ் ஃபாரத்துல என்னம்மா இருக்கப் போவுது?"

"தெரியலண்ணே. படிச்சாத்தானே தெரியும்."

விரலை வைத்துப் படித்தேன். தெரியாத சொல் பதினொன்று. ஒவ்வொன்றாக ஷமீராவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியாத மூன்றை டிக்‌ஷனரியில் பார்த்தோம். அண்ணன் முதலில் போனைப் பார்த்தார், பிறகு விட்டத்தைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை, "என்மேல நம்பிக்கை இல்லையாம்மா" என்றார். நான் பின் பக்கத்தில் இருந்தேன், நாலு வரி பாக்கி. தலையைத் தூக்கவில்லை.

வெறும் கேஸ் ஃபாரம்தான். ஒன்றும் இல்லை அதில். ஷமீராவின் கணக்கு நோட்டை அடியில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். டீயை அவர் தொடவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு வர அண்ணன் இதுவரை கேட்டதே இல்லை.

ஆறிய டீயைக் கொல்லையில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.